வீச்சுக் காற்றில் சிறு விமானம் இறங்கும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏதாவது ஒரு பயிற்சி விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லில் மூக்குக் குத்தி நிற்கும் படம் செய்தித்தாளில் வந்தால் போதும், அன்று மாலைக்குள் எனக்குக் குறைந்தது நான்கு தொலைபேசி அழைப்புகள் வந்துவிடும். சிறு விமானங்களில் பயிற்சி அளிப்பது என் தொழில் என்பதால் சித்தப்பா முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை என்னிடம்தான் கேட்கிறார்கள். மாணவர்களும் அவர்களின் பெற்றோரும் கேட்பவை தனி. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். கேட்டவர்களின் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

வானிலை அறிக்கையில் காற்றுக்கு 15 என்றும் 27 என்றும் இரண்டு எண்கள் போட்டிருக்கிறார்களே, எதை நம்புவது?

இரண்டையும் நம்ப வேண்டும். மீனவர்களுக்கான எச்சரிக்கையில் "மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்திலும்" என்று வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அந்த "இடையிடையே"தான் வீச்சு. விமான நிலைய அறிக்கையில் 270 பாகை, 15 நாட், வீச்சு 27 என்று இருந்தால், காற்று மேற்கிலிருந்து வருகிறது, அதன் சராசரி வேகம் 15, அவ்வப்போது 27 வரை எகிறுகிறது என்று பொருள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

சராசரியைவிட 10 நாட்டாவது கூடுதலாக எகிறினால்தான் வீச்சைத் தனியாகக் குறிப்பிடுவது சர்வதேச வழக்கம். ஆகவே இரண்டாவது எண் அங்கே தென்படுவதே ஒரு சேதி. கீழே வரும் பதில்களிலும் இந்த 15, 27 கணக்கையே வைத்துக்கொள்கிறேன்.

காற்று பின்னாலிருந்து தள்ளினால் நல்லதுதானே? எதற்காக எதிர்த்துக்கொண்டு இறங்குகிறார்கள்?

இறக்கைக்குத் தெரிவது தன்மேல் பாயும் காற்றின் வேகம் மட்டும்தான். சக்கரத்துக்குத் தெரிவது தரை நகரும் வேகம். இறங்கும்போது இறக்கைக்கு 65 நாட் வேண்டும் என்று வையுங்கள். 15 நாட் எதிர்க்காற்று இருந்தால் தரையில் வேகம் 50தான். அதே காற்று பின்னாலிருந்து வந்தால் 80. ஐம்பதில் தரையைத் தொடும் விமானத்தை நிறுத்துவதும் எண்பதில் தொடுவதை நிறுத்துவதும் ஒன்றல்ல. ஓடுபாதை எண்களும் இதற்குத்தான் உதவுகின்றன. 24 என்று எழுதியிருந்தால் அந்தப் பாதை ஏறத்தாழ 240 பாகைத் திசையை நோக்குகிறது. காற்று வரும் திசைக்கு எது மிக நெருக்கமோ அதில் இறங்குவார்கள்.

பெரிய விமானத்தில் சும்மா குலுங்குகிறது, சிறியதில் குடலே வெளியே வருகிறதே, ஏன்?

உலகில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானமான செஸ்னா 172ஐ எடுத்துக்கொள்வோம். 1956 முதல் இன்றுவரை 44,000க்கும் மேல் செய்திருக்கிறார்கள். அதன் 172எஸ் வகையின் உச்ச எடை 1,157 கிலோ. ஒரு சாதாரணக் காரின் எடைதான். அந்த எடையைத் தாங்க 16 சதுர மீட்டர் இறக்கை. ஒரு சதுர மீட்டருக்கு 70 கிலோ சொச்சம். இறங்கும் எடையில் ஓர் ஏர்பஸ் 320க்கு இதே கணக்கு 500 கிலோவைத் தாண்டும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம். இது அம்மிகூட அல்ல, முறம்.

வேகமும் ஒரு காரணம். இறக்கையின் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். 65 நாட்டில் வரும் 172இன் முகத்தில் 12 நாட் வீச்சு திடீரென மோதினால் தூக்குவிசை நொடியில் 40 சதவீதம் கூடிவிடும். அதே 12 திடீரென அடங்கினால் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். 140 நாட்டில் வரும் ஜெட் விமானத்துக்கு அதே வீச்சு 18 சதவீதம்தான். எனக்குக் கவலை தருவது வீச்சைவிட அது அடங்கும் கணம். மேலே தூக்கினால் யோசிக்க நேரம் இருக்கிறது. தரைக்குப் பத்தடி உயரத்தில் காலடியில் பலகையை உருவியதுபோல் காற்று நின்றால் அந்த நேரம் கிடைப்பதில்லை.

குறுக்குக்காற்று எவ்வளவு என்று விமானத்தில் உட்கார்ந்துகொண்டே எப்படிக் கணக்குப் போடுவீர்கள்? கால்குலேட்டரா?

கைக்கடிகாரம் போதும். ஓடுபாதைக்கும் காற்றுக்கும் உள்ள கோணத்தை நிமிடமாக நினைத்துக்கொள்ளுங்கள். 30 பாகை என்றால் அரை மணி, ஆகவே காற்றின் வேகத்தில் பாதி குறுக்கே அடிக்கிறது. 45 என்றால் முக்கால், அதாவது உண்மைக் கணக்கைவிடச் சற்றே கூடுதல். 60க்கு மேல் போனால் முழுவதும் குறுக்குக்காற்று என்றே வைத்துக்கொள்வது நல்லது. நம் உதாரணத்தில் பாதை 24, காற்று 270, வித்தியாசம் 30. எனவே சராசரியில் ஏழரை, வீச்சில் பதின்மூன்றரை நாட் குறுக்கே வருகிறது. திட்டமிட வேண்டியது பதின்மூன்றரைக்கு. சராசரியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பும் மாணவரை நான் திரும்ப உட்கார வைத்துவிடுவேன்.

கூடவே ஒரு நுணுக்கம்: எழுத்தில் வரும் அறிக்கை உண்மை வடக்கை (வரைபடத்தின் வடக்கை) வைத்துத் திசை சொல்கிறது, கோபுரத்திலிருந்து வானொலியில் சொல்வதும் ஓடுபாதை எண்ணும் காந்த வடக்கை (திசைகாட்டி முள் காட்டும் வடக்கை) வைத்தவை. நம் ஊர்ப் பக்கம் இரண்டுக்கும் வித்தியாசம் மிகச் சிறிது. அலாஸ்காவில் அப்படி விட்டுவிட முடியாது.

விமானம் நண்டுபோலப் பக்கவாட்டில் வருவதைக் காணொளியில் பார்த்தேன். விமானி தடுமாறுகிறாரா?

இல்லை, அது முறையான வேலை. ஆற்றைக் கடக்கும் படகுக்காரர் எதிர்க்கரைப் படித்துறைக்கு நேராகப் படகை விடமாட்டார், ஓட்டத்துக்கு எதிராகச் சற்று மேல்நோக்கித் திருப்பிப் போவார். இதுவும் அதுவே. மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பினால் விமானம் ஓடுபாதையின் நடுக்கோட்டிலேயே மிதந்து வரும்.

ஆனால் அப்படியே தரையைத் தொட முடியாது. சக்கரம் ஒரு திசையும் பயணம் ஒரு திசையுமாக இருந்தால் சக்கரக் கால்கள் பக்கவாட்டில் முறுக்கப்படும். ஆகவே கடைசியில் ரடர் மிதியால் (ரடர் என்பது வாலில் பக்கவாட்டில் அசையும் தகடு) மூக்கை நேராக்கி, எய்லரானால் (இறக்கை நுனிப் பக்கத்தில் அசையும் தகடு) காற்றுப் பக்க இறக்கையைச் சற்றுத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். முதலில் காற்றுப் பக்கச் சக்கரம், பிறகு மறு பக்கம், கடைசியாக முன்சக்கரம். ஒற்றைக் காலில் இறங்குவதுபோல் தெரியும். அதுதான் சரி. நிலையான காற்றில் இதை ஒரு வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். வீச்சுக் காற்றில் தேவைப்படும் அளவு நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருப்பதால்தான் கையும் காலும் ஓயாமல் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

172இன் கையேட்டில் குறுக்குக்காற்று 15 நாட் என்று இருக்கிறது. 16 வந்தால் விபத்தா? அல்லது 20இல் இறங்கியவர்கள் சட்டத்தை மீறினார்களா?

இரண்டும் இல்லை. அந்த எண்ணின் முழுப் பெயரை யாரும் படிப்பதில்லை. "செய்துகாட்டப்பட்ட" அதிகபட்சக் குறுக்குக்காற்று என்று அதற்குப் பெயர். சோதனை விமானி அந்த அளவு காற்றில் இறங்கிக் காட்டினார் என்பதே அதன் பொருள். அதற்கு மேல் முடியாது என்று அது சொல்லவில்லை. முடியும் என்றும் சொல்லவில்லை. சான்றளிப்பு விதி கேட்டது குறைந்தபட்சம்: ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் தகடு) இறக்கிய நிலையில் விமானம் தூக்குவிசை இழக்கும் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு. சோதனை நாளில் வீசிய காற்று எவ்வளவோ அதுவும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

இந்தக் குழப்பம் பெரிய விமானங்களிலும் உண்டு. 2008 மார்ச் 1 அன்று எம்மா புயலின்போது ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் லுஃப்தான்சாவின் ஏர்பஸ் 320 இறங்க முயன்றது. தரையைத் தொட்ட கணத்தில் இடது இறக்கையின் நுனி ஓடுபாதையை உரசியது. விமானிகள் மேலெழும்பி, காற்றுக்குப் பொருத்தமான வேறு ஓடுபாதையில் பத்திரமாக இறங்கினார்கள். யாருக்கும் காயமில்லை. விசாரணையில் எழுந்த முக்கியமான கேள்விகளில் ஒன்று இதேதான்: செய்துகாட்டப்பட்ட எண் வரம்பா, வழிகாட்டியா என்பதில் தொழில்முறை விமானிகளுக்குள்ளேயே ஒருமித்த புரிதல் இல்லை. என் மாணவர்களுக்கு நான் சொல்வது: சோதனை விமானியின் எண் உங்களுடையது அல்ல. உங்கள் எண் சென்ற மாதம் நீங்கள் எவ்வளவு காற்றில் இறங்கினீர்களோ அதை ஒட்டியது.

காற்று மோசமென்றால் வேகத்தைக் கூட்டிக்கொண்டு வந்தால் பாதுகாப்புதானே?

கொஞ்சம் கூட்டுவது சரி. வீச்சுக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைச் சேர்த்துக்கொள்வது பரவலான வழக்கம். நம் கணக்கில் 12இல் பாதி 6, ஆக 65க்குப் பதில் 71. காற்று திடீரென அடங்கினாலும் கைவசம் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

பயந்தவர்கள் 71இல் நிற்பதில்லை, 80இல் வருகிறார்கள். வேகம் கால் பங்குகூடக் கூடவில்லை என்று தோன்றும். ஆனால் விமானம் சுமந்துவரும் இயக்க ஆற்றல் ஒன்றரை மடங்காகிவிட்டது. அது தரைக்கு மேல் இரண்டடியில் மிதந்துகொண்டே போகும், ஓடுபாதை கரையும், மிதக்கும் அந்த நேரமெல்லாம் அடுத்த வீச்சுக்கு வாய்ப்பு. பொறுமை இழந்து கைப்பிடியை முன்னால் தள்ளித் தரையில் அழுத்தினால் முன்சக்கரம் முதலில் தொடும். அங்கிருந்து அடுத்த கேள்விக்குப் போகலாம்.

பந்து மாதிரி துள்ளித் துள்ளிப் போய் மூக்கு உடைந்தது என்கிறார்களே, விமானம் எப்படித் துள்ளும்?

டயரும் ஸ்பிரிங்கும் துள்ளலுக்குச் சிறு காரணங்கள்தான். விமானம் இன்னும் பறக்கும் வேகத்தில் இருக்கிறது, சக்கரம் தரையில் மோதியதும் மூக்கு மேலே எழுகிறது, இறக்கை அதிகக் கோணத்தில் காற்றைப் பிடிக்கிறது, மறுபடியும் பறந்துவிடுகிறது. வீச்சு அந்த நேரத்தில் வந்தால் இன்னும் உயரம். இப்போது ஆறடி உயரத்தில், வேகம் குறைந்து, மூக்கு வானத்தைப் பார்த்தபடி நிற்கிறீர்கள். வீச்சு அடங்குகிறது.

விமானியின் கை இயல்பாகவே மூக்கைக் கீழே தள்ளுகிறது. விமானம் அதற்கு இணங்குவதற்குள் அரை நொடி கடந்துவிடும். அதற்குள் விமானம் தானாகவே கீழே வரத் தொடங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்து முன்சக்கரம் முதலில் தரையில் குத்துகிறது. முன்பைவிட உயரமாக ஒரு துள்ளல், அதைத் திருத்த இன்னும் பலமாக ஒரு தள்ளல். இப்படி விமானியின் திருத்தமும் விமானத்தின் அசைவும் ஒன்றுக்கொன்று பிந்திப்போய் ஒவ்வொரு துள்ளலும் முந்தியதைவிட மோசமாகிறது. மூன்றாவதிலோ நான்காவதிலோ முன்சக்கரத் தண்டு மடங்கி, புரொப்பெல்லர் தாரை உழும்.

மாணவனாக இருந்தபோது எனக்கு இது நேர்ந்தது. இரண்டாவது துள்ளலுக்குப் பிறகு பக்கத்திலிருந்த ஆசிரியர் ஒரு சொல்லும் சொல்லாமல் என் கையைத் தட்டிவிட்டு, எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளினார். மேலே ஏறிய பிறகுதான் "நீ காற்றோடு சண்டை போடவில்லை, உன் கையோடுதான் சண்டை போட்டாய்" என்றார். அனுபவசாலிகளுக்கு இது நடக்காது என்று எண்ண வேண்டாம். 2009 மார்ச் 23 அன்று டோக்கியோவின் நரிடா விமான நிலையத்தில் வீச்சுக் காற்றில் இறங்கிய ஃபெட்எக்ஸ் சரக்கு விமானம், ஓர் எம்டி-11, இப்படியே துள்ளி, இடது இறக்கை முறிந்து தீப்பிடித்தது. விமானிகள் இருவரும் உயிரிழந்தார்கள்.

சக்கரம் மூன்றும் தரையில் வந்துவிட்டால் ஆபத்து முடிந்தது, அப்படித்தானே?

பெற்றோர்கள் கைதட்டும் இடம் இது. விமானி கையைத் தளர்த்தும் இடமும் இதுதான். பல விமானங்கள் புல்லுக்குப் போவது இங்கிருந்துதான். வாலில் செங்குத்தாக நிற்கும் துடுப்பு ஒரு பெரிய பாய்மரம். காற்று அதைத் தள்ள, கோபுரக் காற்றுக்காட்டிச் சேவலைப்போல மூக்கு காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். வேகம் குறையக் குறைய ரடரின் பிடியும் குறைகிறது. அதே சமயம் காற்றுப் பக்க இறக்கை மேலே எழப் பார்க்கும். ஆகவே வேகம் குறையும்போது எய்லரானைக் காற்றுப் பக்கம் கூட்டிக்கொண்டே போய், நிற்கும்போது முழுதும் திருப்பியிருக்க வேண்டும். வேகம் குறைந்தால் கட்டுப்பாட்டையும் குறைக்கலாம் என்று கார் ஓட்டும் மூளை சொல்லும். அதைக் கேட்கக் கூடாது.

பின்சக்கரம் வைத்த பழைய வகை விமானங்களில் நிலைமை இன்னும் கடுமை. அவற்றின் கனம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், ஒருமுறை மூக்கு விலகத் தொடங்கினால் வால் முன்னே வர ஆசைப்பட்டு விமானமே பம்பரமாகச் சுற்றிவிடும். நிறுத்துமிடத்துக்கு ஓட்டிப்போகும்போதும் விடுதலை இல்லை. 172இன் இறக்கை உயரத்தில் இருக்கிறது. சக்கரங்களுக்கு இடையிலான அகலம் குறைவு. பின்பக்க மூலையிலிருந்து வரும் பலத்த வீச்சு அதை மூக்கின் மேல் கவிழ்த்துவிடும். கயிறு கட்டி முடித்த பிறகுதான் நான் கைதட்டலை ஏற்றுக்கொள்வேன்.

கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இறங்க அனுமதி கொடுத்தார்கள் அல்லவா? பிறகு பொறுப்பு அவர்களுடையதுதானே?

அனுமதி என்றால் ஓடுபாதை உங்களுக்காகக் காலியாக இருக்கிறது என்று பொருள். இந்தக் காற்று உங்களுக்கும் உங்கள் விமானத்துக்கும் தாங்கும் என்று யாரும் சான்றிதழ் தரவில்லை. அந்த முடிவு விமானத்தின் தலைமை விமானியுடையது. உலகெங்கும் இதே விதிதான்.

கோபுரம் சொல்லும் காற்றும் இந்த நொடிக் காற்று அல்ல, வழக்கமாகக் கடந்த இரண்டு நிமிடங்களின் சராசரி. எழுத்தில் வரும் அறிக்கையோ பத்து நிமிடச் சராசரி. இந்த நொடியில் என்ன என்பதை ஓடுபாதை ஓரத்துக் காற்றுப்பைதான் காட்டும். அமெரிக்கத் தரப்படி செய்த பை 15 நாட்டில் முழுதாக விறைத்து நிற்கும். அது விறைப்பதும் தொங்குவதும் திசை மாறுவதுமாக ஆடிக்கொண்டிருந்தால் எண்கள் எதுவும் இல்லாமலேயே செய்தி வந்துவிட்டது.

ஒரே விமான நிலையம், ஒரே காற்று. காலையில் இறங்கியவருக்கு ஒன்றுமில்லை, மதியம் வந்தவருக்கு ஏன் விபத்து?

வெயில் ஏறத் தரை சூடாகிறது, சூடான காற்று மேலெழுகிறது, மேலே வேகமாக ஓடும் காற்று கீழே கலக்கப்படுகிறது. காலை பத்துக்கும் மாலை நான்குக்கும் இடையில் வீச்சு கூடுவது இதனால். ஓடுபாதைக்குக் காற்று வரும் பக்கத்தில் ஒரு விமானக் கொட்டகையோ மரவரிசையோ இருந்தால், பாலத்தூணுக்குப் பின்னால் ஆறு சுழிப்பதுபோல அதன் பின்னால் காற்று சுழிக்கும்.

இதை ஒரு நேர அட்டவணையாகவே மாற்றிக்கொண்ட இடம் நேபாளத்தின் ஜோம்சோம். அன்னபூர்ணாவுக்கும் தவுலகிரிக்கும் நடுவில் காளி கண்டகி ஆறு வெட்டிய பள்ளத்தாக்கில், 2,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது அந்த ஓடுபாதை. முற்பகல் கடந்ததும் பள்ளத்தாக்கு வழியே காற்று சீறத் தொடங்கும். அதனால் விமானங்கள் காலையிலேயே வந்து போய்விடும்.

சரியாக வரவில்லை என்றால் மறுபடி மேலே எழும்பிச் சுற்றி வரலாமே. ஏன் செய்யவில்லை?

பெரும்பாலான அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்கும் இந்தக் கேள்விதான் எழுகிறது. கோ-அரவுண்ட் எனப்படும் அந்த வேலைக்கு நான்கைந்து லிட்டர் எரிபொருளும் ஏழெட்டு நிமிடமும்தான் செலவு. முதல் துள்ளலிலேயே செய்திருந்தால் முன்சக்கரம் தப்பியிருக்கும். ஆனாலும் செய்வதில்லை.

காரணம் பொறியியலில் இல்லை. வேலிக்கு வெளியே வீட்டார் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்து இருக்கையில் நண்பர் இருப்பார். "இதுகூட இறக்கத் தெரியவில்லையா" என்று யாரும் சொல்லாத ஒரு வாக்கியம் காதில் கேட்கும். தரை இவ்வளவு அருகில் வந்த பிறகு விட்டுக்கொடுக்க மனம் வராது. நான் என் மாணவர்களிடம் இறங்குவதற்கு முன்பே முடிவைத் தலைகீழாக எடுக்கச் சொல்கிறேன்: கோ-அரவுண்டுதான் திட்டம், எல்லாம் ஒழுங்காக வந்தால் மட்டும் இறங்குவோம். நடுக்கோட்டை விட்டு விலகினால், ரடரை முழுதாக மிதித்தும் மூக்கு நேராகாவிட்டால், ஒருமுறை பலமாகத் துள்ளினால், பேச்சுவார்த்தை கிடையாது.

அப்படியானால் கோ-அரவுண்ட் எப்போதுமே பாதுகாப்பானதா?

இல்லை. அதை முந்தைய பதிலில் எளிதாகச் சொல்லிவிட்டேன், இங்கே திருத்திக்கொள்கிறேன். 2016 ஜூன் 9 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர ஹாபி விமான நிலையத்துக்கு ஒரு சிரஸ் எஸ்ஆர்20 வந்தது. நான்கு இருக்கை விமானம், உள்ளே மூன்று பேர். பெரிய ஜெட்கள் வரிசைகட்டி வரும் நிலையம் அது. கிழக்கிலிருந்து வீச்சுக் காற்று. ஓடுபாதை மாற்றம், இடைவெளிக்காகத் திரும்பச் சொல்லும் கட்டளைகள், உயரம் அதிகமாகிப்போன அணுகல் என்று முயற்சிகள் தோற்றன. மூன்றாவது கோ-அரவுண்டின்போது போதிய வேகம் வருவதற்கு முன்பே ஃபிளாப் உள்ளே இழுக்கப்பட்டது. விமானம் தூக்குவிசை இழந்து, ஒரு பக்கம் சரிந்து, கடை ஒன்றின் வாகன நிறுத்துமிடத்தில் விழுந்தது. மூவரும் உயிரிழந்தார்கள்.

விசாரணை வாரியம் காரணமாகச் சொன்னது அந்த ஃபிளாப்பையும் வேகத்தையும். பாடம் சொல்பவன் என்ற முறையில் நான் அதற்கு முந்திய இருபது நிமிடங்களையும் பார்க்கிறேன். பரபரப்பில் ஒன்றன்பின் ஒன்றாக முயன்ற மனம் களைத்துப் போகும். வரிசை எளிதானது: முழுச் சக்தி, மூக்கை அடக்கிப் பிடிப்பது, வேகம் வருவது, பிறகு ஃபிளாப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது. களைத்த கை இந்த வரிசையைக் குழப்பும். இரண்டு முறைக்கு மேல் சரிவராவிட்டால் காற்றுக்கு நேரான பாதை உள்ள வேறு விமான நிலையத்துக்குப் போய்விடுங்கள் என்பது என் கட்சி. டாக்ஸிக் கட்டணம்தான் செலவு.

முன்சக்கரம் உடைந்து கிடக்கிறது, ஆனால் அது "விபத்து" இல்லையாம். இது என்ன கூத்து?

கூத்து இல்லை, இலக்கணம். உதாரணமாக அமெரிக்க விதியில், யாரும் இறக்கவில்லை, பலத்த காயமில்லை என்றால், விமானத்துக்கு "கணிசமான சேதம்" ஏற்பட்டிருந்தால்தான் அது விபத்து. சக்கரக் கால்கள், டயர், பிரேக், ஃபிளாப், இறக்கை நுனி, தரையில் பட்ட புரொப்பெல்லர் ஆகியவற்றின் சேதம் அந்தக் கணக்கில் சேராது. எஞ்சினைத் தாங்கும் சுவரோ இறக்கையின் எலும்போ வளைந்தால் சேரும். ஆகவே ஒரே மாதிரியான இரண்டு துள்ளல்களில் ஒன்று விபத்தாகவும் மற்றது வெறும் சம்பவமாகவும் பதிவாகலாம். எண்ணிக்கையை வைத்து வாதாடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

புரொப்பெல்லர் நுனிதானே வளைந்தது? மாற்றிவிட்டு நாளையே பறக்கலாமே?

முடியாது. சுழன்றுகொண்டிருந்த புரொப்பெல்லர் தாரில் மோதினால் அந்த அதிர்ச்சி முழுதும் எஞ்சினின் கிராங்க்ஷாஃப்டுக்கும் அதன் பின்னால் உள்ள கியருக்கும் போகும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது தயாரிப்பாளர்களின் கண்டிப்பு. பயிற்சிப் பள்ளி முதலாளிகள் முன்சக்கரத்தைவிட இதற்குத்தான் தலையில் கைவைப்பார்கள்.

அறிக்கையில் கடைசியில் விமானிமேல்தான் பழி போடுகிறார்கள். காற்று அடித்ததற்கு அவர் என்ன செய்வார்?

காற்று அடித்ததற்கு அவர் பொறுப்பல்ல. அதற்குள் போனதற்குப் பொறுப்பு. வீச்சுடன் கூடிய குறுக்குக்காற்றில் தரையிறங்கும்போது விமானி திசைக் கட்டுப்பாட்டைக் காக்கத் தவறினார் என்ற வகை வாசகம் இத்தகைய அறிக்கைகளில் அடிக்கடி வரும். காற்று அதில் சூழ்நிலை, விமானி அதில் எழுவாய். கடுமையாகத்தான் தோன்றும். ஆனால் விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, தண்டிப்பது அல்ல. காற்றுக்குப் பயிற்சி கொடுக்க முடியாதே.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அன்று பள்ளியில் யார் பறக்கச் சொன்னார்கள், அந்த மாணவர் கடைசியாக எப்போது குறுக்குக்காற்றில் பயிற்சி எடுத்தார் என்பதெல்லாம் சிறு விமான அறிக்கைகளில் பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துவிடும்.

நண்பரின் விமானத்தில் பயணியாகப் போகிறேன். காற்று ஆட்டினால் நான் என்ன செய்ய வேண்டும்?

தோள்பட்டை வாரைச் சரியாக மாட்டுங்கள், இடுப்பு வார் மட்டும் போதாது. இருக்கை தண்டவாளத்தில் பூட்டியிருக்கிறதா என்று உடலை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். செஸ்னாவில் இருக்கை நழுவுவது பழைய நோய். அந்தத் தண்டவாளங்களைச் சோதிக்க 1987 முதல் தனி உத்தரவே உண்டு. மடியில் கனமான பொருள் வேண்டாம். கடைசி ஐந்து நிமிடம் பேச வேண்டாம். முக்கியமாக, அவர் மேலெழும்பிச் சுற்றப்போனால் "என்ன ஆச்சு" என்று கேட்காதீர்கள்.

விமானம் தலைகீழாகக் கவிழ்ந்துவிட்டால் வாரை உடனே கழற்றக் கூடாது. ஒரு கையைக் கூரையில் ஊன்றிக்கொண்டு பிறகு கழற்றுங்கள், இல்லாவிட்டால் கழுத்தின்மேல் விழுவீர்கள். 2025 பிப்ரவரி 17 அன்று வீச்சுக் காற்று அடித்த டொராண்டோவில் 80 பேருடன் இறங்கிய ஒரு சிஆர்ஜே-900 ஜெட்டின் வலது இறக்கை பிய்ந்து விமானம் கவிழ்ந்தது. வௌவால்கள்போல வாரில் தொங்கிய பயணிகள் ஒருவருக்கொருவர் உதவி இறங்கினார்கள். எண்பது பேரும் பிழைத்தார்கள். வெளியேறியதும் எரிபொருள் வாடை இல்லாத தொலைவுக்குப் போங்கள், புரொப்பெல்லர் பக்கமாக அல்ல.

இவ்வளவு ஆபத்தென்றால் மாணவர்களைக் காற்றில் எதற்காகக் கூட்டிப் போகிறீர்கள்?

அமைதியான காலையில் மட்டும் பழகியவர் ஒருநாள் வீடு திரும்பும்போது மதியக் காற்றைச் சந்திப்பார். அன்று பக்கத்தில் நான் இருக்கமாட்டேன். ஆகவே நான் இருக்கும்போதே சந்திக்கட்டும். முதலில் 8 நாட் குறுக்குக்காற்று, பிறகு 10, 12. ஓடுபாதைக்கு மேல் மூன்றடி உயரத்தில், இறங்காமலே, ஒரு சக்கரத்தைத் தாழ்த்தி நடுக்கோட்டிலேயே நீளமாகப் பறக்கவைப்பேன். இறங்கும் பதற்றம் இல்லாதபோது கைகால்கள் விரைவில் கற்றுக்கொள்கின்றன.

என் மகள் அடுத்த வாரம் முதன்முறையாகத் தனியாகப் பறக்கிறாள். அன்று காற்று அடித்தால்?

அன்று பறக்கமாட்டாள். முதல் தனிப்பறப்புக்கு நான் வைக்கும் எல்லை மிகவும் கஞ்சத்தனமானது. வீச்சு என்ற இரண்டாவது எண் அறிக்கையில் தென்பட்டாலே தேதியைத் தள்ளிவைத்துவிடுவேன். பெரும்பாலான ஆசிரியர்களும் அப்படித்தான். பிறகு உரிமம் வந்து முடிவெடுப்பது அவளாகும்போதும் இதே பழக்கம் தொடர வீட்டிலிருந்து ஓர் உதவி வேண்டும். இனிப்பு வாங்கி வைத்திருப்பீர்கள், உறவினர்களுக்கெல்லாம் சொல்லியிருப்பீர்கள், அவள் பறக்காமல் வீட்டுக்கு வருவாள். "மற்றவர்களெல்லாம் பறந்தார்களாமே" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இனிப்பை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.